விளிம்பில் இல்லாத கோடு

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை ஒரு கோடாகத் தெரிகிறது. வானத்தையும் மலையையும் பிரிக்கும் அந்தக் கோட்டைப் பள்ளிக்கூடத்துப் பையன்கூட ஒரே இழுப்பில் போட்டுவிடுவான். ஆனால் கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைப் பாதையில் ஏறிப் போகிறவனுக்கு அந்தக் கோடு எந்த இடத்திலும் தட்டுப்படாது. பாறை இருக்கும், புதர் இருக்கும், மரவள்ளிக் காடு இருக்கும், மலையாளிகளின் ஊர்கள் இருக்கும். கோடு இருக்காது. கோடு மலையின் சொத்தல்ல. பார்க்கிறவன் நின்ற இடத்துக்கும் மலைக்கும் இடையில் ஏற்பட்டிருந்த ஓர் உறவு. அவன் நகர்ந்தான், உறவு மாறிற்று, கோடும் போயிற்று.

சின்ன விஷயம்தான். ஆனால் ஓவியம், சிற்பம் பற்றித் தமிழில் எழுதப்படுவதில் பெரும்பகுதி இந்தச் சின்ன விஷயத்தைக்கூட எட்டிப் பிடிக்கவில்லை. சென்னை ஓவியர்கள் கோட்டை நம்பியவர்கள் என்று அரை நூற்றாண்டாகச் சொல்லி வருகிறோம். ஆதிமூலத்தின் கோடுகளைச் சிறுபத்திரிகை அட்டைகளில் பார்த்துப் பழகியவர்கள் நாம். கோட்டின் வீச்சு, கோட்டின் உயிர்ப்பு, கோட்டின் தாளம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். இந்த வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம் என்று நம்மை யாரும் கேட்டதில்லை. கேட்க நேர்ந்தவர்கள் வேறொரு இடத்தில் இருந்தார்கள். கம்ப்யூட்டருக்குக் கோடு போடக் கற்றுத்தர வேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு இருந்தது. யந்திரத்திடம் போய் 'உயிர்ப்போடு போடு' என்று சொல்ல முடியாது. எங்கே தொடங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும், ஏன் என்று சொல்லியாக வேண்டும்.

அந்த ஆராய்ச்சிகள் என்ன கண்டன, அவற்றின் முன் கள்ளக்குறிச்சி மரச்சிற்பியின் கோடு எப்படி நிற்கிறது, இந்த இரண்டின் முன்னாலும் நம் விமர்சனம் என்ன செய்கிறது என்பதே இங்கு என் விஷயம்.

1963ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் 'ஸ்கெட்ச்பேட்' என்ற ஒன்றைத் தன் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். டி.எக்ஸ்-2 என்ற யந்திரத்தின் திரைமேல் ஒளிப்பேனாவைக் கொண்டு படம் போடலாம். மனிதன் யந்திரத்தோடு வரைந்து பேசியது அங்கே தொடங்குகிறது. ஆனால் பெயருக்கும் காரியத்துக்கும் இருந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். ஸ்கெட்ச் என்றால் தோராயமான கோடு. தயங்கி, தேடி, மறுபடி போட்டுப் பார்க்கும் கோடு. சதர்லண்டின் யந்திரம் முதலில் களைந்தது இந்தத் தயக்கத்தைத்தான். கை எப்படி நடுங்கினாலும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே யந்திரம் நேர்கோடு போட்டுக்கொள்ளும். இந்த இரண்டு கோடுகளும் இணையாக இருக்க வேண்டும், இந்த இரண்டும் சம நீளமாக இருக்க வேண்டும் என்று ஆணையிட்டால் அதுவே திருத்திக்கொள்ளும். பொறியியலுக்கு இது பெரிய விடுதலை என்பதில் சந்தேகமில்லை. கோட்டைப் பொறுத்தவரை வேறொன்று நடந்தது. கோடு கை சென்ற வழியாக இருப்பது நின்று, கை கொடுத்த உத்தரவாக ஆயிற்று.

அதே 1963ல் சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைத் தொடங்குகிறார். கணித வடிவங்கள், ஜாதகக் கட்டங்கள், படிக்க முடியாத எழுத்துக்கள். அங்கே உத்தரவாக இருந்த குறிகளெல்லாம் உத்தரவை இழந்து வெறும் கோடாகின்றன. இரண்டு காரியங்களும் ஒன்றையொன்று அறியாதவை. நேர் எதிர்த் திசைகளில் போனவை.

நம் பக்கத்தில் ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று நினைப்பவர்களுக்குத் தாம்பரத்தைக் காட்ட வேண்டும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிரித்திவாசனோடு சேர்ந்து 1974ல் கோலத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சாம்ஸ்கி மொழிக்குச் சொன்ன இலக்கண விதிகளின் வழியில், குறிகளை நிரை நிரையாக அடுக்கிய கட்டத்துக்கு விதி எழுதி, அந்த விதியிலிருந்து கோலத்தைப் பெருக்கிக் காட்டினார்கள். வெளிவந்தது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸுக்கென்றே நடந்த சர்வதேசப் பத்திரிகையில். தெருவாசலில் விடிகாலையில் போட்டு மாலைக்குள் மிதிபட்டு அழிகிற ஒன்று அந்தத் துறையின் ஆரம்ப காலத்திலேயே அதன் மையமான கேள்விகளில் ஒன்றாயிற்று.

இதில் நமக்கு முக்கியமானது ஒரு வித்தியாசம். 1974ன் இலக்கணம் முடிந்த கோலத்தை விவரித்தது. கட்டத்தின் எந்த இடத்தில் எந்தக் குறி என்று சொன்னது. பின்னர் 1980களில் சிரோமணியும் பிறரும் கம்பிக் கோலத்தில் கையின் நகர்வுகளையே குறிகளாக எடுத்துக்கொண்டு விதி எழுதினார்கள். நேரே போ, இப்படி வளை, புள்ளியைச் சுற்றித் திரும்பு என்று. தாவர வளர்ச்சியை விவரிக்க 1968ல் அரிஸ்டிட் லிண்டன்மாயர் கண்ட விதிமுறையைக் கோலத்துக்குப் பொருத்திய ப்ரூஸின்கியெவிச்சும் இந்த வழியில்தான் போனார். ஒரே கோலம், இரண்டு அறிவுகள். முதலாவது பார்க்கிறவனுடையது, இரண்டாவது போடுகிறவளுடையது. படம் ஒன்றாகவே முடிந்தாலும் அறிவு ஒன்றல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு சொல்லப்போவது விளங்கும்.

இனி மலைக்கு வருவோம். முப்பரிமாண உருவம் ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள் வைத்துவிட்டு, அதற்குக் கோட்டோவியம் போடு என்றால் அது எங்கே கோடு போடும்? முதல் பதில் கல்வராயன் பதில்: உருவத்தின் பரப்பு கண்ணைவிட்டு அப்பால் திரும்பும் விளிம்பில். இதற்குக் கணக்கு எளிது. ஆனால் விளிம்பு மட்டும் போட்டால் உருவம் வெறும் நிழல்வெட்டாகிவிடும். முகத்துக்கு மூக்கு இராது. 2003ல் டக் டிகார்லோவும் மூன்று பேரும் இதற்கு ஓர் அருமையான விடை சொன்னார்கள். இப்போது விளிம்பாக இல்லை, ஆனால் பார்வை சற்று நகர்ந்தால் விளிம்பாகிவிடும் என்ற நிலையில் இருக்கும் இடங்களிலும் கோடு போடு என்றார்கள். பஸ்ஸில் கச்சிராயபாளையம் நோக்கிப் போகிறவன் இதை ஜன்னல் வழியே பார்க்கலாம். ஒரே பரப்பாக இருந்த மலையின் நடுவில் மடிப்பு ஒன்று லேசாகத் தெரிகிறது. இன்னும் ஒரு மைல் போனால் அது தனிக் குன்றின் விளிம்பாகப் பிரிந்து நிற்கிறது. நல்ல ஓவியன் அந்த ஒரு மைலை முன்கூட்டியே போட்டுவிடுகிறான். வரப்போகும் விளிம்பை இன்றைக்கே போடுவது என்ற இந்தக் கருத்து, கோட்டைப் பற்றி நம் பத்திரிகைகளில் வந்த எந்த வாக்கியத்தையும்விடக் கூர்மையானது என்பதைக் கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2008ல் ஃபாரஸ்டர் கோல் முதலானவர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். மனிதர்கள் எங்கே கோடு போடுகிறார்கள்? 29 ஓவியர்கள், 12 உருவங்கள். எலும்பு, யந்திரப் பாகம், மடிந்து விழும் துணி போன்றவை. ஓவியர்கள் போட்ட கோடுகளில் 75 சதவீதம் இன்னொருவர் போட்ட கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குள் விழுந்தன. விளிம்புகளில் இந்த ஒற்றுமை மிக அதிகம். விளிம்பில் விழாதவற்றில் பெரும்பாலானவற்றையும் ஒளி நிழல் மாற்றங்களாலும் முன்சொன்னது போன்ற கணக்குகளாலும் விளக்க முடிந்தது. 14 சதவீதம் கோடுகளுக்கு மட்டும், அவர்கள் பரிசீலித்த எந்தக் குணமும் சரியான விளக்கமாகவில்லை.

இந்தப் பதினாலைக் கேட்டவுடன் நம்மவர்களின் முகம் மலரும். 'அதுதான் கலை! யந்திரம் தொட முடியாத ஆத்மா!' இந்த அவசரம் ஆபத்தானது. விளக்கப்படாத பதினாலில் கைத்தவறு இருக்கலாம், சோம்பல் இருக்கலாம், கலைப்பள்ளியில் படிந்த கெட்ட பழக்கம் இருக்கலாம். விளக்கம் இல்லாததெல்லாம் மேதைமை என்று எடுத்துக்கொண்டால், புரியாத கவிதையெல்லாம் நல்ல கவிதை என்று நம்மில் சிலர் நடத்தி வந்த வியாபாரத்துக்குத்தான் அது வந்து சேரும். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளலாம். அந்தப் பரிசோதனையில் ஓவியர்கள் முதலில் வெற்றிடத்தில் சுதந்திரமாக வரைந்தார்கள். பிறகு அதே கோடுகளை உருவத்தின் மங்கலான பிரதி ஒன்றின் மேல் மாற்றிப் போட்டார்கள். அளவிடப்பட்டது இந்த இரண்டாவது படம். அளவெடுக்கத் தோதான படம் அதுதான், வேறு வழியில்லை. ஆனால் முதல் படத்தில் கை சென்ற வழி கணக்குக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பகுதிகளின் மரச்சிற்பம் இங்கேதான் நமக்குத் தேவைப்படுகிறது. தெய்வ உருவங்கள், கதவுப் பலகைகள், வாகை முதலான மரங்களில் செய்யும் புடைப்புச் சிற்பங்கள் என்று நடந்துவரும் வேலை அது. சிற்பி பலகையில் முதலில் இழுப்பது நடுக்கோடு. பிரம்ம சூத்திரம் என்று சாஸ்திரம் சொல்லும் கோடு. முடிந்த சிற்பத்தில் அது இல்லை. பிறகு தாலக் கணக்கு: முக நீளம் ஒரு தாலம், உத்தம தச தாலத்தில் உருவம் 124 பாகம், மத்திமத்தில் 120, அதமத்தில் 116. முழங்கால் எங்கே, கொப்பூழ் எங்கே என்பது மரத்தைத் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. இது விதி, சந்தேகமில்லாமல் விதி. சதர்லண்டின் ஆணைகளையும் தாம்பரத்து இலக்கணத்தையும் போல எழுதிக் கொடுத்துவிடக்கூடிய விதி. கைவினை என்றால் சுதந்திரம், யந்திரம் என்றால் விதி என்ற நம் பழைய பிரிவினை இங்கே நிற்காது.

வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. சிற்பி போட்ட கோட்டை அவன் உளியே அழிக்கிறது. கொட்டாப்புளியின் அடிக்கு மேல்பரப்பு போகிறது, அதன் மேலிருந்த கோடும் போகிறது. புதிதாக வெளிப்பட்ட பரப்பில் மறுபடி கோடு போட வேண்டும். வரைவதும் அழிப்பதும் மறுபடி வரைவதுமாகவே உருவம் உள்ளே இறங்குகிறது. ஒவ்வொரு முறை போடும்போதும் அவன் முன்னால் மூன்று சங்கதிகள் இருக்கின்றன: தாலம் சொல்வது, குரு காட்டித் தந்தது, மரம் விடுவது. நார் ஓடும் திசைக்கு எதிராக உளி போனால் சிம்பு பெயரும். தோளில் ஒரு கணு வந்துவிட்டால் தோள் வளைவைச் சிறிது தள்ளிப் போட வேண்டும். தள்ளின தோளுக்குத் தக்கபடி கையும் கையிலுள்ள ஆயுதமும் நகர வேண்டும். கோட்டின் அந்தச் சிறு விலகலுக்குக் காரணத்தை உருவத்தில் தேடினால் கிடைக்காது. விளிம்பிலோ ஒளி நிழலிலோ இல்லை அது. மரத்தில் இருக்கிறது; சற்றுமுன் எடுத்த முடிவில் இருக்கிறது; இனி எடுக்கப்போகும் முடிவில் இருக்கிறது.

விளக்கம் கிடைக்காத கோடுகளைப் பற்றி இதிலிருந்து நான் பெறும் முடிவு இது: கோட்டுக்கு உருவத்துக்கு வெளியிலும் காரணங்கள் உண்டு. அவை ஆத்மா, பிரக்ஞை என்று மேலே கைகாட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளக்கூடிய காரணங்கள் அல்ல. மரம், உளி, பழக்கம், வரிசை, காலம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லக்கூடியவை. பெயர் சொல்வதுதான் விமர்சகனின் வேலை.

இப்போது நடப்பது என்ன? தமிழ்நாட்டில் பல ஊர்களில் கதவு வேலைப்பாடுகளைக் கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. யந்திரங்கள் செதுக்குகின்றன. உருவம் ஒரு கோப்பாக வருகிறது. வெட்டுமுனை பலகையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஏர்ச்சால் போலப் போய்ப் போய் வருகிறது. சிற்பி கடைசிக்கென்று நிறுத்தி வைத்திருக்கும் கண், யந்திரத்தில் அந்தச் சால் வரும்போது வெட்டுப்படுகிறது. கண்ணுக்கும் பீடத்துக்கும் வித்தியாசமில்லை. கணு இருந்தால் கணுவின் ஊடாகவே போகும். வாசலின் இடது பக்கத்துத் துவாரபாலகனைக் கண்ணாடிபோல் புரட்டினால் வலது பக்கத்தவன் தயார். கையால் செய்கிறவன் இரண்டு பேரையும் தனித்தனியாகத்தான் வரைந்தாக வேண்டும். எவ்வளவு முயன்றாலும் இரண்டாமவன் முதலாமவனின் பிரதியாக இருக்க மாட்டான்.

இதைச் சொல்லி யந்திரத்தைச் சபிக்க நான் வரவில்லை. தூசியிலும் முதுகு வலியிலும் பிழைக்கிறவனிடம், நம் ரசனைக்காக நீ உளியையே பிடித்துக்கொண்டிரு என்று சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. வேண்டாத மரத்தை யார் எடுத்துத் தள்ளினால் என்ன. கேள்வி ஒன்றுதான்: கோப்பில் இருக்கும் கோடு யாருடையது?

ஆராய்ச்சி இதற்கு இரண்டு விதமாகப் பதில் வைத்திருக்கிறது. 1999ல் ஜப்பானில் டேகியோ இகராஷி குழுவினர் செய்த 'டெடி'யில் ஒரு வட்டக்கோடு போட்டால் போதும். அகலமான இடம் பருத்தும் குறுகின இடம் மெலிந்தும் உருவம் உப்பி எழும். குழந்தையும் வரையலாம். ஆனால் எதை வரைந்தாலும் பஞ்சடைத்த பொம்மையாகவே எழும், பெயரும் அதற்கேற்றதுதான். அகலத்துக்குத் தக்க பருமன் என்பது அந்த யந்திரத்தின் தாலக் கணக்கு, பரம்பரை இல்லாத தாலக் கணக்கு. 2023ல் வந்த 'கண்ட்ரோல்நெட்' இன்னும் ஒரு படி போகிறது. ஒரு கிறுக்கலையும் ஒரு வாக்கியத்தையும் கொடுத்தால், எங்கெங்கிருந்தோ திரட்டிய கோடானுகோடிப் படங்களில் கற்றதைக் கொண்டு முழுப் படத்தையும் நிரப்பித் தரும். சதர்லண்டிடம் உத்தரவாக இருந்த கோடு இங்கே வெறும் சாக்காகிவிட்டது. நாம் போட்டது நாலு கோடு. முடிவுகள் எல்லாம் வேறு யாரோ எடுத்தவை.

மாறாகவும் ஒன்றைக் கேட்கலாம். தாலக் கணக்கும் நடுக்கோடும் தெரிந்த, சிற்பியின் கோட்டைத் திருத்தாமல் வாங்கிக்கொள்ளும், பலகையில் கணு இருக்கும் இடத்தை முன்கூட்டிக் காட்டும் ஒரு வரைதிரை. இது கற்பனைக்கு அப்பாற்பட்டதல்ல. கோலத்தைக் கட்டத்துக்குள் வைத்ததோடு நிற்காமல் போடுகிறவளின் கைவழியையும் விதியாக்கிப் பார்த்தவர்கள் தாம்பரத்தில் இருந்தார்கள். அந்தத் திசையில் போவதற்கு யாராவது தேவையை உணர்ந்து கேட்க வேண்டும்.

கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? 2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2021ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான். வேறு ஊர்ச் சரக்கை இந்தப் பெயரில் விற்கக்கூடாது என்று அது தடுக்கும். பெயரைக் காக்கும், கோட்டைக் காக்காது. கோட்டைக் காக்கும் சட்டம் எங்கும் கிடையாது. இந்தக் கோடு முடிவெடுத்துப் போட்டது, அந்தக் கோடு நகலெடுத்தது என்று பிரித்துச் சொல்லக்கூடிய கண்கள் ஒரு சமூகத்தில் சிலவேனும் இருந்தால்தான் கோடு பிழைக்கும்.

அந்தக் கண்களை வளர்த்திருக்க வேண்டியவர்கள் நாம். நாம் என்ன செய்தோம்? ஆதிமூலத்தின் கோட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினோம். மருதுவின் கோடு காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்குப் போனபோது என்னவாயிற்று என்று கேட்டிருக்க வேண்டிய கட்டுரையை எழுதவில்லை. மரச்சிற்பத்தைக் கைவினை என்று பெயரிட்டுப் பொருட்காட்சிக் கடைக்கும் சுற்றுலாக் கையேட்டுக்கும் விட்டுவிட்டோம். கவிதையில் ஒரு வார்த்தை இடம் மாறினால் சண்டைக்குப் போகிற நாம், இரண்டு பலகைகளில் இரண்டு கோடுகளைக் காட்டி எது மேல், ஏன் என்று கேட்டால் 'இரண்டுமே அழகு' என்கிறோம். வித்தியாசம் தெரியாதவனுக்கு யந்திரம் செய்ததும் கை செய்ததும் ஒன்றுதான். யந்திரம் வந்து சிற்பியைத் தோற்கடிக்கவில்லை. அவன் வேலையை யாரும் கூர்ந்து பார்க்காத இடத்துக்கு அது வந்து சேர்ந்தது. காலியாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

ஆகவே, கைவினை அழிகிறது என்ற ஒப்பாரிக் கட்டுரைகள் போதும். யாராவது ஒருவர் கள்ளக்குறிச்சிப் பட்டறை ஒன்றிலிருந்து ஒரே ஒரு பலகையை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு முழங்கையின் வளைவு ஏன் அங்கே திரும்புகிறது என்று எழுதட்டும். தாலம் எவ்வளவு, மரம் எவ்வளவு, கை எவ்வளவு என்று பிரித்து எழுதட்டும். 29 ஓவியர்களின் கோடுகளை ஒரு மில்லிமீட்டருக்குள் அளந்து பார்க்கும் பொறுமை கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு இருந்தது. அதில் பாதியாவது நமக்கு வேண்டும்.